தெரிவு வரிசை எழுத முன்: திருநெல்வேலியிலிருந்து கட்டுபெத்த வரை

திங்கள், திருநெல்வேலி

உயர்தரப் பெறுபேறும், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் கைக்கு வந்தவுடன் யாழ்ப்பாணத்து வீடுகளில் எழும் முதற் கேள்வி, "யாழ்ப்பாணக் கம்பஸ் கிடைக்குமோ, இல்லாட்டி எங்கை?" என்பதுதான். எந்தப் பாடநெறி, அது எந்த ஊரில் நடக்கிறது, அங்கே முதலாம் வருடம் எங்கே தங்குவது, எந்த மொழியில் படிப்பது என்பவையெல்லாம் பிறகுதான் வரும். சில வீடுகளில் கடிதம் வந்த பிறகுதான் வரும். அப்போது தெரிவதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும், அது நடக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் யூனிகோட் என்ற தனித்தனிக் குறியீடு இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பொறியியல் ஒரு யூனிகோட், பேராதனைப் பொறியியல் இன்னொன்று. அவற்றை எந்த ஒழுங்கில் நிரப்புகிறோம் என்பதே உண்மையான தெரிவு. அதனால் விண்ணப்பம் அனுப்ப முன்னமே இடங்களைப் போய்ப் பார்ப்பது நல்லது. இந்தக் குறிப்புகள் அந்தப் பாதை வழியே நாளுக்கு நாள் எழுதப்படுகின்றன.

வேலை நாளில் போக வேண்டும். சனி, ஞாயிறு, போயா நாட்களில் வாசலும் மரமும்தான் பார்க்கலாம். பரீட்சை விடுமுறை இல்லாத கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாளின் பிரதி, ஒரு கொப்பி, பேனை போதும். வாசல் காவலரிடம் எந்தப் பீடத்துக்கு, என்ன விசயமாகப் போகிறோம் என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள்.

யாழ் நகர பஸ் நிலையத்திலிருந்து பலாலி வீதியால் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறி, பரமேஸ்வராச் சந்தியில் இறங்கினால் சேர் பொன். இராமநாதன் வீதி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமானது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1979 ஜனவரியில் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கலை, விஞ்ஞானம், முகாமைத்துவம் ஆகிய பீடங்கள் இந்த வளவில் இருக்கின்றன. ஆனால் "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்" என்று கடிதத்தில் இருந்தால் திருநெல்வேலி என்று அர்த்தமில்லை. மருத்துவ பீடம் ஆடியபாதம் வீதியில். சித்த மருத்துவம் கைதடியில். இசையும் நடனமும் மருதனார்மடத்தில். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில். வீட்டிலிருந்து போய் வரலாம் என்று எண்ணி விவசாயத்தை மேலே போட்டவர் அறிவியல் நகரில் அறை தேட நேரும்.

ஒரு பீடத்துக்குள் முதலில் பார்க்க வேண்டியது அறிவித்தற் பலகை. கண்ணாடிக்குப் பின்னால் சுட்டிலக்கம் மட்டும் போட்ட பெறுபேற்றுத் தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று குத்தப்பட்டிருக்கும். எந்தப் பாடத்தில் திரும்ப எழுதுவோர் பட்டியல் நீளமாக இருக்கிறது, பரீட்சைக்கும் பெறுபேறு ஒட்டிய திகதிக்கும் இடையில் எத்தனை மாதம், நேர அட்டவணையில் செய்முறை வகுப்பு கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று அதிலேயே தெரிந்துவிடும். இணையத்தளத்தில் இந்தத் தகவல் இவ்வளவு நேர்மையாக இருக்காது. பெறுபேறு பிந்தினால் பட்டமளிப்பும் பிந்தும், வேலைக்கு விண்ணப்பிப்பதும் பிந்தும். நாலு வருடப் படிப்பு உண்மையில் எவ்வளவு காலத்தில் முடிகிறது என்பதை இறுதி வருட மாணவரிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். "அண்ணா, உங்கட பட்ச் எந்த வருசம் உள்ள வந்தது?" என்ற ஒரு கேள்வி போதும். மிச்சத்தை விரலில் எண்ணலாம்.

அடுத்தது அறை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு யாழ்ப்பாணக் கம்பஸ் கிடைத்தால் செலவில்லை என்பது நகரைச் சுற்றியுள்ளவர்களுக்குத்தான் சரி. பருத்தித்துறையிலிருந்து ஒரு வழி ஒரு மணித்தியாலத்துக்கு மேல். காலை எட்டு மணி விரிவுரைக்கு இருட்டோடு வெளிக்கிட வேண்டும், மாலை செய்முறை முடிந்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். நெடுந்தீவுப் பிள்ளைக்கு குறிகாட்டுவான் படகை நம்பி நாளாந்தம் வந்து போவது நடக்காத காரியம். விடுதி இடம் தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் பார்த்தே கொடுக்கப்படும். அதனால் இடைத் தூரத்தில் இருப்பவர்கள்தான் இரண்டுக்கும் நடுவில் மாட்டுப்படுவார்கள். கலட்டி, தபால்பெட்டிச் சந்தி, கொக்குவில் பக்கம் வாடகை அறைகள் உண்டு. போகும்போது கேட்க வேண்டியவை: முற்பணம் எத்தனை மாதத்துக்கு, மின்சாரமும் தண்ணீரும் வாடகைக்குள் அடங்குமா, சமைக்க விடுவார்களா, கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், பரீட்சைக் காலத்தில் இரவு வாசிகசாலையிலிருந்து பிந்தி வந்தால் என்ன செய்வது. மாரியில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும் வளவா என்றும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் டெங்கு இந்தப் பக்கம் விளையாட்டல்ல.

செவ்வாய், அறிவியல் நகர்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் கிளிநொச்சி நகரம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளலாம். அறிவியல் நகர் அதற்கும் தெற்கே. வவுனியா, கொழும்பு பஸ்களில் ஏறும்போதே நடத்துனரிடம் "அறிவியல் நகர் கம்பஸ் வாசலில இறக்கிவிடுங்கோ" என்று சொல்லி வைக்க வேண்டும். நித்திரையாகிவிட்டால் பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைக்க நிற்கும்போதுதான் கண் விழிக்கும். அங்கிருந்து திரும்பி வர வேண்டியதுதான். அறிவியல் நகருக்கென்று ரயில் தரிப்பிடமும் உண்டு, ஆனால் எல்லா ரயிலும் அதில் நிற்பதில்லை.

பொறியியல் பீடம் 2014இல் இங்கே தொடங்கியது. வடக்கில் இருக்கும் ஒரே பொறியியல் பீடம் இதுதான். அரச பல்கலைக்கழகங்களில் பொறியியல் வேறு எங்கே என்றால் மொறட்டுவை, பேராதனை, ருகுணை, தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர. கணிதப் பிரிவுப் பிள்ளை இவற்றை ஒழுங்குபடுத்தும்போது பெரும்பாலும் பெயரின் பழமையை வைத்தே போடுகிறது. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது, துறை பிரிப்பு. பொறியியலில் நுழைந்தவுடன் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று கிடைப்பதில்லை. ஆரம்பப் பருவங்களின் பெறுபேற்றையும் மாணவரின் விருப்பத்தையும் சேர்த்துத்தான் துறை தருவார்கள். கொம்பியூட்டர் எஞ்சினியரிங்தான் வேண்டும் என்று இருப்பவர், ஒவ்வொரு பீடத்திலும் அந்தத் துறைக்கு எத்தனை இடம், கடைசியாகப் பிரித்த தொகுதியில் எந்தப் புள்ளியோடு அது நிரம்பியது என்று கேட்க வேண்டும். பெயர் பெற்ற பீடத்துக்குள் கடைசி ஆளாக நுழைந்தால், பிடித்த துறை கிடைக்கும் சாத்தியம் குறையும். புதிய பீடத்தில் முன்வரிசையில் நுழைந்தால் அது கூடும். இரண்டில் எதைச் சுமக்கத் தயார் என்பதை வீட்டில் இருந்து யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, தர அங்கீகாரம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. அந்த நிறுவகம் அங்கீகரித்த பட்டம் என்றால் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா போன்ற உறுப்பு நாடுகளில் கல்வித் தகைமையாக மதிக்கப்படும். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பட்டநெறிக்கும், குறிப்பிட்ட காலத்துக்குத்தான். துறைத் தலைவரின் அலுவலகத்தில் "இந்தத் துறைக்கு இப்போது அங்கீகாரம் இருக்கிறதா, எந்த வருடம் வரை?" என்று கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

மூன்றாவது, ஆய்வுகூடம். கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்க்கலாம். ஒரு இயந்திரத்தைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணினால் போதும். நாலைந்து பேர் என்றால் எல்லோருக்கும் கை வைக்கக் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் பின்னால் நிற்பவர் குறிப்பு மட்டும் எழுதுவார்.

இங்கே படிப்பு ஆங்கிலத்தில். கூடப் படிப்பவர்களில் சிங்களப் பிள்ளைகள் நிறைய. அதனால் வீட்டுக்குக் கிட்ட என்றாலும், தமிழிலேயே சமாளிக்கலாம் என்று எண்ணி வரக்கூடாது. கம்பஸ் வாசலுக்கு வெளியே கடைகள் குறைவு, நகருக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும், பங்குனி சித்திரையில் வெயில் கடுமை. விடுதி வளவுக்குள்ளேயே இருப்பது பெரிய ஆறுதல்.

புதன், பம்பைமடு

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர். மன்னார், செட்டிகுளம் பஸ்கள் வாசலால் போகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. அதனால் பழைய வெட்டுப்புள்ளி (அனுமதி கிடைத்த கடைசிப் பிள்ளையின் இசட் புள்ளி) அட்டவணைகளில் இதை "யாழ்ப்பாணம், வவுனியா வளாகம்" என்று தேட வேண்டும். பெயர் மாறியதைக் கவனிக்காமல் "இதுக்கு முந்தி வெட்டுப்புள்ளியே இல்லை" என்று தவறவிடுபவர்கள் உண்டு.

பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்கள். வணிகப் பிரிவுப் பிள்ளைகள் இங்குள்ள கருத்திட்ட முகாமைத்துவத்தை ஒரு தரம் விசாரித்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் "மனேஜ்மென்ட்" என்று ஒரே பொதுப் பட்டத்தை மேலே அடுக்கும்போது, இப்படியான குறித்த பாடநெறிகள் கைநூலின் பின்பக்கங்களில் வாசிக்கப்படாமலே கிடக்கின்றன. பாடத்திட்டப் பிரதி ஒன்று வாங்கி, இறுதி வருடத்தில் நிறுவனப் பயிற்சி எத்தனை மாதம், அந்த இடத்தைப் பீடம் ஒழுங்கு செய்கிறதா அல்லது மாணவரே தேட வேண்டுமா என்று பார்க்கலாம்.

வியாழன், பேராதனை

வவுனியாவிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி. பாதி நாள் போய்விடும். அந்த நேரத்தில் இசட் புள்ளியின் கணக்கை ஒரு தரம் விளங்கிக்கொள்வது நல்லது. ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்கு நாடு முழுவதும் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். உதாரணமாக 72 புள்ளி, சராசரி 45, நியம விலகல் 18 என்றால் 27ஐ 18ஆல் வகுக்க 1.5. மூன்று பாடத்துக்கும் இப்படி எடுத்து அதன் சராசரிதான் கையிலுள்ள இசட் புள்ளி. அதனால் "மூண்டு ஏ எடுத்த பிள்ளைக்குக் கிடைக்கேல்லை, இரண்டு ஏயும் ஒரு பியும் எடுத்த பிள்ளைக்குக் கிடைச்சிட்டுது" என்பதில் பிழை எதுவும் இல்லை. ஏ என்ற எழுத்துக்குள் 75க்கும் 98க்கும் ஒரே மதிப்பு, இசட் புள்ளியில் அப்படியில்லை.

பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியதாகக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகிறது. யாழ்ப்பாணமும் அந்தப் பதினாறில் ஒன்று. ஆகவே கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடைவதிலோ முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து ஏங்குவதிலோ பயனில்லை. சொந்த மாவட்ட நிரலை மட்டும், கடைசி மூன்று வருடத்துக்கு, ஒரு தாளில் எழுத வேண்டும். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். புதுப் பாடநெறி தொடங்கினாலும் இடங்கள் கூடினாலும் நிரல் அசைந்துவிடும்.

பேராதனை வளவு 1952இலிருந்து இயங்குகிறது. கண்டியிலிருந்து கலகா வீதியால் போகும் பஸ் வளவுக்குள்ளாலேயே போகும். ரயிலில் வந்தால் சரசவி உயன என்ற சிறிய நிலையம் கிட்ட. யாழ்ப்பாணத்துச் சமதரையில் சைக்கிளோடு வளர்ந்த பிள்ளைக்கு இங்கே முதலில் தெரிவது ஏற்றம்தான். விடுதியிலிருந்து விரிவுரை மண்டபம், அங்கிருந்து கன்ரீன், எல்லாம் மேடும் பள்ளமும். பொறியியல் பீடம் மகாவலிக்கு அந்தப் பக்கம், அக்பர் பாலத்தால் நடந்து போக வேண்டும். குடையும் ஒரு தடித்த சுவெற்றரும் கட்டாயம். பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால், காலை எட்டு மணிக்கு முந்திய சனம் முழுவதும் ஒரே திசையில், கையில் கோப்பும் தோளில் பையுமாக, ஒருவர் பின் ஒருவராகப் போவது தெரியும். வளவுக்குள்ளேயே வதியும் வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை அந்த ஒரு காட்சி எந்தக் கையேட்டையும்விட நன்றாகச் சொல்லும்.

பேராதனையின் பலம் அதன் பரப்பு. மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம், விவசாயம், பொறியியல், விஞ்ஞானம், கலை என எல்லாம் ஒரே வளவில். மிருக வைத்தியம் இலங்கையில் இங்கே மட்டும்தான் இருக்கிறது. மருத்துவத்துக்கு மயிரிழையில் தவறிய உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான்: ரேடியோகிராபி, பிசியோதெரபி, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், தாதியியல், மருந்தகவியல். இவற்றில் கடைசி மூன்றும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. மருத்துவத்துக்கு அடுத்து என்ன போடுவது என்று யோசிக்காமல் "பயோ சயன்ஸ்" என்று எழுதிவிட்டுப் பிறகு கவலைப்படுவதைவிட, இந்த ஐந்தையும் விவசாயத்தையும் சித்த மருத்துவத்தையும் உயிரியல் விஞ்ஞானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை 30 வருடம் செய்ய மனம் வரும் என்று பார்ப்பது நல்லது. போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு மணித்தியாலம் இருந்து, எக்ஸ்ரே அறையிலும் இரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

மருத்துவமே கிடைக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த மருத்துவ பீடம் என்பதில் வீடுகள் வைக்கும் சண்டை தேவைக்கு அதிகம். அரச மருத்துவ பீடங்கள் எல்லாவற்றிலும் படிப்பு ஐந்து வருடம், பின் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அந்த நியமனத்துக்கு எல்லாப் பீடத்துப் பட்டதாரிகளையும் ஒரே தகுதி வரிசையில்தான் எடுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் படிப்பவர் யாழ் போதனா வைத்தியசாலையில் நோயாளரோடு தமிழில் பேசி நோய் வரலாறு எடுப்பார். பேராதனை, கொழும்பில் படிப்பவர் சிங்களத்தில் எடுக்கக் கற்பார். பிற்காலத்தில் எங்கே வேலை செய்ய விருப்பம் என்பதைப் பொறுத்து இரண்டுக்கும் பெறுமதி உண்டு.

பெற்றோர் அதிகம் கேட்பது பெண் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி. விடுதி மண்டபங்களில் பொறுப்பாளர் இருக்கிறார், நேர வரையறை இருக்கிறது. குறிஞ்சிக்குமரன் கோயிலும் தமிழ்ச் சங்கமும் முதல் வருடத்துப் பிள்ளைக்கு ஆள் முகம் காட்டும் இடங்கள். பகிடிவதை எந்த வளவிலும் இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். மாணவர் ஆலோசகரின் தொலைபேசி இலக்கத்தைப் பதிவு நாளிலேயே தாயும் தகப்பனும் பிள்ளையும் மூவரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தூரத்தைக் காட்டி நல்ல பாடநெறியைப் பெண் பிள்ளைக்கு மட்டும் வெட்டுவது அநியாயம். தம்பிக்குப் பேராதனை என்றால் தங்கச்சிக்கும் பேராதனைதான்.

வெள்ளி, கட்டுபெத்த

கொழும்பில் யாழ்ப்பாணத்தார் தங்குவது பெரும்பாலும் வெள்ளவத்தையில். அங்கே காலி வீதியில் நின்று 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் தெற்கே போனால் கட்டுபெத்தச் சந்தி. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் அங்கிருந்து நடக்கும் தூரம். வளவு சிறியது, நெருக்கமானது. இங்கே பார்க்க வேண்டியது கட்டடங்களைவிட மாணவரின் நாள் அட்டவணையை. ஒப்படைகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். நிறுவனங்கள் பயிற்சிக்கு ஆள் எடுக்க நேரே வரும் வாய்ப்பு இங்கே அதிகம், அதற்கு விலையாக வாடகையும் அதிகம்.

கட்டடக்கலை, வடிவமைப்பு போன்ற பாடநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகம் தனியாக விளம்பரம் போட்டுத் தனியாக விண்ணப்பம் கேட்கும். அந்தத் திகதியைத் தவறவிட்டவர் யூனிகோட்டை முதலாவதாகப் போட்டிருந்தாலும் அது எடுபடாது. மருதனார்மடத்து இசை, நடனத்துக்கும் இதே விதிதான். கைநூல் கையில் கிடைத்த நாளே உளச்சார்புப் பரீட்சையுள்ள பாடநெறிகளைச் சிவப்பு மையால் கோடிட வேண்டும்.

கொழும்பில் இருக்கும்போது வோட் பிளேஸ் 20ஆம் இலக்கத்தில் உள்ள மானியங்கள் ஆணைக்குழு அலுவலகத்துக்கும் போகலாம். பெயர் வித்தியாசம், மாவட்டம் மாறிப் படித்தது, இரண்டாம் மூன்றாம் தரம் எழுதியது போன்ற சிக்கல் உள்ளவர்கள் வாய்ப்பேச்சு விடையோடு திரும்பாமல், எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

சனி, ஞாயிறு, வெள்ளவத்தை

அலுவலகம் பூட்டு. காசுக் கணக்குக்கு நல்ல நாட்கள்.

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தோடு மகாபொல புலமைப்பரிசில் மாதம் 7,500 ரூபாவாகவும் பர்சரி என்ற உதவித்தொகை 6,500 ரூபாவாகவும் கூட்டப்பட்டது. வருடத்துக்குப் பத்துத் தவணை என்று கணக்கிட்டால் மகாபொல 75,000. இது எல்லோருக்கும் கிடைப்பதில்லை, குடும்ப வருமானமும் தகுதியும் பார்த்துத்தான். கிடைத்தாலும் முதலாவது கொடுப்பனவு வகுப்புத் தொடங்கிப் பல மாதம் கழித்தே கணக்கில் விழும். ஆகவே முதல் ஆறு மாதத்தை வீட்டுக் காசில் ஓட்ட முடியுமா என்பதே கேள்வி. அறை முற்பணம், மெத்தை, ஒரு மடிக்கணினி, போக்குவரத்து, மூன்று நேரச் சாப்பாடு. இதை ஊர் ஊராக எழுதினால் அறிவியல் நகருக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

விடுதியும் நாலு வருடத்துக்கும் நிச்சயமில்லை. பொதுவாக முதலாம் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும் முன்னுரிமை, நடு வருடங்களில் வெளியே அறை. இதைத் தெரியாமல் போட்ட கணக்கு இரண்டாம் வருடத்தில் பிசகும்.

திங்கள், வந்தாறுமூலை

மட்டக்களப்பிலிருந்து ஏ15 வீதியில் வடக்கே போனால் செங்கலடி தாண்டி கிழக்குப் பல்கலைக்கழகம். தமிழ்ச் சூழல், கடற்கரைக் காற்று, மலிவான சாப்பாடு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இதை வரிசையில் கீழே தள்ளிவிடுவது பழக்கமாகிவிட்டது. விவசாயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அப்படித் தள்ள நியாயம் தெரியவில்லை. நுண்கலையில் நாட்டம் உள்ளவர்கள் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தைப் பார்க்க வேண்டும். திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில், திரும்பும் பாதையிலேயே வரும். திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம்.

புதன், யாழ்ப்பாணம்

கொப்பி நிறையக் குறிப்போடு வீட்டு மேசையில் இருந்து வரிசை எழுதும் நாள்.

பலர் நம்பும் ஒரு விசயம் பிழை: "கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கிறதும் போய்விடும்." அப்படி எதுவும் நடப்பதில்லை. முதலாவது தெரிவுக்குப் புள்ளி போதாவிட்டால் இரண்டாவது, அதுவும் போதாவிட்டால் மூன்றாவது என்று அதே இசட் புள்ளியோடு கீழே பார்த்துக்கொண்டு போவார்கள். மேலே போட்டதற்காக எந்தப் புள்ளியும் குறையாது. ஆகவே வெட்டுப்புள்ளியின் ஒழுங்கில் எழுதாமல், மனதின் ஒழுங்கில் எழுத வேண்டும். வெட்டுப்புள்ளி அட்டவணையின் வேலை, வரிசை போதியளவு கீழே வரை போகிறதா என்று சரிபார்ப்பது மட்டும்தான். சொந்தப் புள்ளிக்கு மேலே சில, கிட்டத்தட்டச் சில, நிச்சயமாகக் கீழே சில இருக்க வேண்டும். நாலைந்து யூனிகோட்டோடு நிறுத்திவிட்டு ஒன்றுமே கிடைக்காமல் நிற்பது வருடா வருடம் நடக்கிறது.

மற்றப் பக்கமும் உண்டு. கிடைத்தால் போகமாட்டேன் என்று தெரிந்த ஒன்றை வரிசையில் எழுதக்கூடாது. ஒரு தெரிவு கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே உள்ளவை பார்க்கப்படா. பின்னால் வெற்றிடம் நிரப்பும்போதும் மேலே உள்ளவைதான் கணக்கு. "சும்மா போட்டு வைப்பம்" என்று ஐந்தாவதாகப் போட்டது கிடைத்து, ஆறாவதாக இருந்த உண்மையான விருப்பம் கைநழுவிப்போகும்.

விண்ணப்பம் பெரும்பாலும் சந்தியிலுள்ள கொம்பியூட்டர் கடையில்தான் நிரப்பப்படுகிறது. அங்கே நடக்கும் பெரிய பிழை, கடைக்காரரின் மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுவிடுவது. மூன்று மாதம் கழித்து வரும் அறிவித்தல் அவரின் பெட்டியில் கிடக்கும். சொந்த மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி, பிறகு போக வேண்டும். யூனிகோட் எழுத்தையும் பெயரையும் அச்சுப் பிரதியில் ஒன்றொன்றாக வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் கைநூலோடு ஒப்பிட வேண்டும். உயர்தரத்தோடு எழுதிய பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

சிலருக்குக் கையில் இரண்டு மூன்று கடிதம் சேர்ந்து நிற்கும். ஒன்று பல்கலைக்கழகம், ஒன்று தேசிய கல்வியியற் கல்லூரி, ஒன்று குருநகர் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயர் தேசிய டிப்ளோமா அல்லது தனியார் பட்டம். கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி, பிறகு ஆசிரியர் நியமனம். படிப்பிப்பதில் உண்மையான விருப்பமும், வீட்டில் வருமானம் சீக்கிரம் தேவை என்ற நிலையும் இருந்தால், விருப்பமில்லாத பட்டப்படிப்பைவிட அது மேல். பட்டத்தை பிறகும் எடுக்கலாம். தனியார் பட்டம் என்றால், அந்த நிறுவனமும் அந்தப் பாடநெறியும் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உண்டா என்று ஆணைக்குழுவின் தளத்தில் தேட வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்று சொன்னால், எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் சான்றிதழில் வரும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். முற்பணம் கட்ட முன், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பத் தருவார்கள் என்ற பந்தியை வாசிக்க வேண்டும்.

இன்னொரு தரம் பரீட்சை எழுதுவதா, கிடைத்ததில் சேர்வதா என்று நிற்பவர்கள் பதிவுக்கு முதல் கைநூலின் தகைமை நிபந்தனைகளை ஆறுதலாக வாசிக்க வேண்டும். ஒரு பாடநெறிக்குப் பதிவு செய்தவர் பின்னர் இன்னொரு வருடத்தில் விண்ணப்பிப்பதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரம் மூன்று தரம்தான் என்ற எல்லையும் இருக்கிறது. வெட்டுப்புள்ளிக்கு மிகக் கிட்ட நிற்பவர் திரும்ப எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. எட்டாத தூரத்தில் நிற்பவர், "மருத்துவம் இல்லாட்டி ஒண்டும் வேண்டாம்" என்று இன்னொரு வருடத்தைக் கொடுக்க முன், பேராதனையில் பார்த்த அந்தப் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

கடிதம் வந்தபின் பதிவுக்குத் தரப்படும் நாட்கள் குறைவு. பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி, அடையாள அட்டை, சாதாரணதர உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்றிதழ், மருத்துவப் பரிசோதனைப் படிவம் ஆகியவற்றை ஒரு கோப்பில் முதலே சேர்த்து வைக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒரு எழுத்து வேறுபட்டாலும், பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்குக் கிழமைக் கணக்கில் செல்லும். அந்த வேலையைப் பெறுபேறு வரும்வரை பார்த்திராமல், பரீட்சை முடிந்த கிழமையே தொடங்கலாம். பதிவுக் கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டை ஒளிப்படமும் எடுத்து, இரண்டு பிரதியும் போட்டு, ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.